ரங்கையா வரைந்தது

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளைத் தாண்டிக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி வரும். ஏரிக்கு அப்பால் மணல்திட்டு, அதற்கு அப்பால் கடல். இரும்பு உருக்கும் ஆலைகளுக்கும் இறால் பிடிக்கும் வலைகளுக்கும் பேர்போன இந்தப் பக்கம், ஒரு காலத்தில் வண்ணத்துணிக்குப் பேர்போனது. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அவர்கள் இங்கே தேடி வந்த முதன்மைச் சரக்கு துணி. அதிலும் கையால் வரைந்த துணிக்குத் தென்கிழக்காசியாவில் இருந்த கிராக்கி பெரிது. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்த்துக் காயவைத்த பருத்தித் துணியில், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த கரைசலால் கருங்கோடு இழுப்பார்கள். சிவப்பு ஏற வேண்டிய இடத்தில் படிகார நீர் தடவுவார்கள். பிறகு இக்கரை மணலில் விளையும் சாயவேரைப் போட்டுக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். கோடு தவறினால் அழித்து எழுத வழியில்லாத வேலை இது. அந்தக் கை எத்தனை தேர்ந்ததாக இருந்திருக்க வேண்டும் என்பதை இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் தொங்கும் துணிகளே சொல்கின்றன. ஆனால் துணியை வாங்கிய கம்பெனி விலையையும் அளவையும் கணக்கில் ஏற்றியது. வரைந்த ஆளைத் துணியோடு சேர்த்து நினைவில் வைக்க அதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. வாங்குபவர் அனுப்பிய மாதிரியைப் பார்த்து, இடைத்தரகர் கொடுத்த முன்பணத்துக்கு வரைந்து கொடுத்ததோடு ஓவியரின் பங்கு முடிந்தது.

கேட்டு வாங்குபவருக்கும் வரைந்து கொடுப்பவருக்கும் இடையே இந்தக் கரையில் வேறு வகை உறவு என்றாவது இருந்ததா என்று தேடினால், இருநூறு ஆண்டு கழித்து, அதே கரையில், இன்னொரு கம்பெனியின் காலத்தில் ஒன்று கிடைக்கிறது. செடி சேகரித்த ராபர்ட் வைட் என்ற மருத்துவருக்கும், அவருக்காகச் செடிகளை வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களுக்கும் இடையே இருந்த உறவு அது. அதை நட்பு என்று சொல்லலாம் என்பது என் கட்சி. அந்தச் சொல்லுக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை என்பதும் தெரியும். அவற்றை ஒதுக்கிவிட்டு இந்த உறவைப் பேசினால் அது வெறும் பாராட்டுரையாகிவிடும்.

வைட் 1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக இந்தியாவுக்கு வந்தார். படைப்பிரிவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே செடி சேர்த்தார். 1826-ல் சென்னையில் அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான் ரங்கையா அவரோடு சேர்கிறார். இரண்டே ஆண்டில், 1828-ல், சிக்கன நடவடிக்கையில் அந்தப் பதவியையே அரசு எடுத்துவிட்டது. சேர்த்த தொகுப்பு லண்டனுக்குக் கப்பலேறியது. வைட் நாகப்பட்டினத்துக் காவல்படைக்கு மருத்துவராக மாற்றப்பட்டார். நட்பு என்று நான் சொல்வதற்கான முதல் சான்று இங்கே இருக்கிறது. காவல்படை மருத்துவருக்கு ஓவியர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டிய அலுவல் தேவை எதுவும் கிடையாது. பதவி போனதோடு ஓவியரையும் அனுப்பிவிடுவதுதான் கணக்குப் பார்க்கும் ஆள் செய்வது. ஆனால் ரங்கையாவின் வரைபடங்கள் நிற்கவில்லை. நாகப்பட்டினக் காலத்தில் வைட் உலர்ந்த செடிகளோடு அந்தப் படங்களையும் கிளாஸ்கோவில் இருந்த பேராசிரியர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் அவற்றில் சிலவற்றைத் தம் இதழில் 1830-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். கடற்கரைப் பட்டினம் ஒன்றில் ஒருவர் செடியைப் பறித்து வர, இன்னொருவர் அது வாடுமுன் தாளில் இறக்கிவிட, கப்பல் ஏறிய அந்தத் தாள் ஐரோப்பாவின் தாவரவியல் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சேகரிப்பவர் செடியைத் தாளுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்துகிறார். உலர்ந்த செடியில் வடிவம் தங்கும். நிறம் போய்விடும், பூவின் முப்பரிமாணம் போய்விடும், தண்டின் சாறும் இலையின் பளபளப்பும் போய்விடும். போனதை எல்லாம் காப்பாற்றுவது ஓவியரின் கை. நம் வெயிலில் பறித்த பூ சில மணி நேரம்கூடத் தாங்காது. அதற்குள் இலை எதிரெதிராக அமைந்திருக்கிறதா மாறிமாறி அமைந்திருக்கிறதா, இதழ் எத்தனை, மகரந்தத் தாள் எத்தனை, காய் எப்படி வெடிக்கிறது என்று பார்த்து முடித்தாக வேண்டும். அழகாக வரைபவர் இதற்குப் போதாது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் வேண்டும். மகரந்தத் தாள் ஒன்று குறைந்தால் செடியே வேறு குடும்பத்துக்குப் போய்விடும். வைட் அடையாளம் சொன்ன இனம் சரிதானா என்று தொலைவில் இருக்கும் அறிஞர் முடிவுசெய்வது பல நேரங்களில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான். ஆகவே சேகரிப்பாளரின் அறிவுப் பெயர் ஓவியரின் கண்ணை நம்பி நின்றது. ரங்கையா, கோவிந்து ஆகிய பெயர்கள் தெலுங்குச் சாயல் கொண்டவை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தாருக்கு அது வியப்பாக இராது. அவர்கள் துணி ஓவியர் வழியில் வந்தவர்கள் என்று நான் நிறுவ முயலவில்லை. கருங்கோட்டை முதலில் தயங்காமல் இழுத்து, பிறகு நிறத்தை நிரப்புகிற பழக்கம் இக்கரைக்கு நெடுநாள் பழக்கம் என்பது மட்டும் என் கருத்து. வைட் அதைக் கற்றுக்கொடுத்து உண்டாக்கவில்லை, கண்டுகொண்டார்.

1831-ல் வைட் விடுப்பில் ஸ்காட்லாந்து போனபோது கொண்டுபோன உலர்ந்த செடிகள் சுமார் ஒரு லட்சம் என்றும் எடை இரண்டு டன் என்றும் சொல்வார்கள். அங்கே வாக்கர் ஆர்னட் என்ற தாவரவியலாளரோடு சேர்ந்து எழுதிய தென்னிந்தியத் தாவர நூலின் முதல் தொகுதி 1834-ல் வந்தது. அதே ஆண்டு அவர் திரும்பினார். மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் ரங்கையா அவரிடம் வந்து சேர்ந்தார் என்பது இரண்டாவது சான்று. பெல்லாரி, பாளையங்கோட்டை, பிறகு சென்னை, 1842 முதல் பருத்திப் பண்ணைப் பொறுப்பில் கோயம்புத்தூர் என்று மருத்துவரின் வாழ்க்கை இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய 1845 வரை, சுமார் இருபது ஆண்டுக்காலம், ரங்கையாவின் கை தொடர்ந்தது. அதற்குப் பிறகு கோவிந்து அந்த இடத்துக்கு வந்தார். இந்தக் காலத்தில்தான் வைட்டின் பெரும்படைப்பான 'ஐகோனிஸ் பிளான்டாரும் இந்தியே ஓரியன்டாலிஸ்' வெளிவந்தது. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகள், 2,101 படங்கள். எந்த நாட்டில் வைத்துப் பார்த்தாலும் ஒரு தனி மனிதர் முயற்சியில் இத்தனை படங்கள் வந்தது பெரிய காரியம். கூடவே வண்ணப்படங்களோடு இன்னொரு நூலும் வந்தது. வைட் தாமே கல்லச்சு முறையைப் பழகிக்கொண்டார்; படங்கள் சென்னையிலேயே அச்சாயின.

சென்னையில் அச்சானது என்பதைச் சிறிய செய்தியாக எண்ணக் கூடாது. வைட்டுக்கு ஒரு தலைமுறை முன்னால் வில்லியம் ராக்ஸ்பரோ இதே கரையின் வடபகுதியில், சாமல்கோட்டையில் இருந்துகொண்டு ஓவியர்களை வைத்து நூற்றுக்கணக்கில் செடிகளை வரையச் செய்தார். அவற்றிலிருந்து தேர்ந்த 300 படங்கள் 1795 முதல் 1820 வரை லண்டனில் அச்சாகி 'சோழமண்டலக் கரையின் செடிகள்' என்ற பொருள்படும் தலைப்பில் வந்தன. விசாகப்பட்டினத்தில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல் இக்கரையின் பாம்புகளைப் பற்றி 1796-லும் மீன்களைப் பற்றி 1803-லும் இதேபோல் வெளியிட்டார். சேகரித்தவரின் பெயர் அட்டையில் நின்றது. இந்தியாவில் அமர்ந்து வரைந்தவர் பெயரில்லாமல் போனார். இது வெள்ளைக்காரர் மட்டும் செய்த குறையும் இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் வரையச் செய்த பறவை, விலங்குப் படங்களும் சரபோஜியின் பெயரால்தான் அறியப்படுகின்றன. இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான், வைட்டின் ஐகோனிஸ் படங்களின் அடியில் ஓரமாகப் பொடி எழுத்தில் 'ரங்கையா வரைந்தது', 'கோவிந்து வரைந்தது' என்று லத்தீன் சுருக்கத்தில் பொறித்திருப்பது எவ்வளவு பெரிய செயல் என்று விளங்குகிறது. ஒரு படத்தில் இல்லை, இரண்டு படத்தில் இல்லை, நூற்றுக்கணக்கில்.

இங்கே முதல் மறுப்பு வரும். கல்லச்சில் வரைந்தவர் பெயரைப் பொறிப்பது அந்தக் கால அச்சகப் பழக்கம்தானே, அதில் நட்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். பழக்கம் இருந்தது உண்மைதான். கல்கத்தாவில் நத்தானியல் வாலிக் 1830-களில் வெளியிட்ட நூலிலும் விஷ்ணுபிரசாத் என்ற ஓவியரின் பெயர் படங்களில் இருக்கிறது. ஆகவே வைட் ஒருவர்தான் இப்படிச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழக்கம் இருந்த காலத்திலேயே அதைக் கைவிட்டவர்களும் இருந்தார்கள். இந்திய ஓவியர் பெயரைப் போடாவிட்டால் கேட்பாரும் இல்லை. போட வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மறக்காமல் நினைத்திருக்க வேண்டும். கல்கத்தாவில் வாலிக்கின் பின்னால் ஒரு பெரிய அரசுத் தோட்டமும் அதன் ஓவியர் அணியும் இருந்தன. வைட்டுக்குப் பின்னால் அப்படி நிறுவனம் எதுவும் இல்லை. ஊர்விட்டு ஊர் மாறிய மருத்துவரும் அவரோடு வேலையைத் தொடர்ந்த ஓவியரும் மட்டுமே. நிறுவனம் தொடர்ந்தால் அது நிர்வாகம். மனிதர்கள் தாமாகத் தொடர்ந்தால் அதற்கு வேறு பெயர் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது. ரங்கையா சம்பளத்துக்கு வேலை செய்தவர். வைட் ஆளும் கம்பெனியின் அதிகாரி. இருவரில் ஒருவர் மட்டுமே மற்றவரை வேண்டாம் என்று அனுப்பிவிட முடியும். ரங்கையா இந்த உறவைப் பற்றி என்ன நினைத்தார் என்று சொல்லும் ஒரு வரிகூட அவர் கையால் நம்மிடம் வந்து சேரவில்லை. ஒரு பக்கத்தின் சாட்சியம் மட்டும் இருக்கும்போது நட்பு என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா? இந்தக் கேள்விக்கு விடையைத் தமிழ் மரபிலிருந்தே தேடலாம் என்று நினைக்கிறேன். கபிலரும் பாரியும் சமநிலையில் இருந்தவர்கள் இல்லை. ஒருவர் பறம்பு மலையின் தலைவர், மற்றவர் புலவர். ஔவையாருக்கும் அதியமானுக்கும் இடையிலும் அப்படித்தான். கொடுப்பவரும் பெறுபவருமாக இருந்தும் அந்த உறவுகளை நாம் நட்பு என்றே படிக்கிறோம். பாரி இறந்த பிறகு அவன் மகளிரைக் கபிலர் தம் பொறுப்பாக ஏற்றார் என்பதால் படிக்கிறோம். நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அதியமான் கொடுத்தான் என்பதால் படிக்கிறோம். தராசுத் தட்டுகள் சமமாக நிற்க வேண்டும் என்று நம் மரபு நட்பிடம் கேட்கவில்லை. கடமைக்கு மேல் ஒருவர் மற்றவருக்காக என்ன செய்தார் என்று கேட்டது. அந்த அளவுகோலை வைத்தால் ரங்கையாவும் வைட்டும் தகுதி பெறுகிறார்கள். ஒரு வேறுபாடும் இருக்கிறது, அது நெஞ்சை உறுத்துவது. சங்க காலத்தில் சொல் புலவரிடம் இருந்தது. புலவர் பாடியதால் பாரி வாழ்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு சேகரிப்பாளரிடம் இருந்தது. அவர் பொறித்ததால் ஓவியர் வாழ்கிறார். ஆகவே ரங்கையாவின் மௌனத்தை நட்புக்கு எதிரான சாட்சியமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அச்சு யாரிடம் இருந்தது என்பதற்கான சாட்சியம் அது. அச்சை வைத்திருந்தவர் அதைக்கொண்டு என்ன செய்தார் என்பதைத்தான் நாம் எடைபோட முடியும்.

அவர் செய்ததில் மிகப் பெரியது கடைசியில் வருகிறது. ஐகோனிஸின் இறுதித் தொகுதியில், 1853-ல், ஓர் ஆர்க்கிட் செடிக்குப் புதிய பேரினம் ஒன்றை உண்டாக்கி அதற்குக் 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார் வைட். தமக்கு வரைந்த கோவிந்துவின் பெயர் அது. அந்தக் காலத்தில் பேரினப் பெயர் என்பது ஆளுநர்களுக்கும் பிரபுக்களுக்கும் பேராசிரியர்களுக்கும் செலுத்தும் மரியாதை. புத்தகத்துக்கு உதவி கிடைக்கும் என்ற எண்ணத்தோடு வைத்த பெயர்கள் ஏராளம். ஓவியர் கோவிந்துவால் வைட்டுக்கு அப்படி எந்த உதவியும் ஆகப்போவதில்லை. வைட் அதே ஆண்டு வேலையை முடித்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். திரும்ப எதையும் எதிர்பார்க்க முடியாத இடத்தில் செய்த மரியாதை இது. சம்பளக் கணக்கில் இதற்கு இடமில்லை. நட்பு என்ற சொல்லுக்கு என்னிடம் உள்ள மிக வலுவான சான்று இந்த ஒற்றைப் பெயர்தான்.

ஆனால் அந்தப் பெயர் நிற்கவில்லை. தாவரவியலில் முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை. கோவிந்தூயா என்று வைட் கண்ட செடி, லிண்ட்லி என்ற தாவரவியலாளர் 1833-லேயே பெயரிட்ட 'ட்ரோபிடியா' பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்தது. கோவிந்துவின் பெயர் இணைப்பெயர்ப் பட்டியலுக்குள் போயிற்று. வாலிக் 1830-ல் வைட்டின் பெயரால் அமைத்த 'வைட்டியா' பேரினம் இன்றும் ஏற்கப்பட்ட பெயராக இருக்கிறது. விதியின்படி இரண்டும் சரியே. யாரும் யாருக்கும் தீங்கு நினைத்துச் செய்ததில்லை. ஆனாலும் மரியாதை தனிமனிதனின் கையில் இருந்தபோது ஓவியருக்குக் கிடைத்த இடம், அது விதிகளின் கைக்குப் போனபோது கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மேற்கோள் முறையிலும் இதே கதைதான். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1936 வரை வெளிவந்த, கேம்பிள் என்ற தாவரவியலாளரின் நூலை இன்றும் தமிழ்நாட்டுத் தாவரவியல் மாணவர்கள் புரட்டுகிறார்கள். அதில் செடிக்குச் செடி வைட்டின் பெயரும் பட எண்ணும் வருகின்றன. படத்தின் ஓரத்தில் இருந்த ரங்கையாவின் பெயர் அந்தச் சுருக்கத்துக்குள் வர இடமில்லை. வைட் பொறித்துக் காப்பாற்றியதை, அவர் புத்தகத்தை நம்பிப் படித்தவர்களே தெரியாமல் உதிர்த்துவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு. அதற்கு நான் மறுமொழி சொல்லப் போவதில்லை, ஒப்புக்கொள்ளப் போகிறேன். இந்த நட்பு எதையும் மாற்றவில்லை என்பது அது. செடிகள் கப்பலேறின, படங்களும் கப்பலேறின. ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த மூலப் படங்கள் எடின்பரோவிலும் லண்டனிலும் கியூ தோட்டத்திலும் இருக்கின்றன. வைட் ரெடிங் நகருக்கு அருகில் நிலம் வாங்கி, 1872-ல் இறக்கும்வரை அங்கே பயிர்செய்து வாழ்ந்தார். கோவிந்து இங்கேயே இருந்து, காடுகளைக் காக்க வந்த ஹியூ கிளெக்ஹார்னுக்கும் ரிச்சர்ட் பெட்டோமுக்கும் வரைந்தார். தனிமனிதர்களின் நட்பு பேரரசின் திசையைத் திருப்பும் என்று எதிர்பார்ப்பது நட்பின் மேல் அதற்குரியதல்லாத சுமையை ஏற்றுவது. ஆனால் அது விட்டுச்சென்ற தடயம் பயனில்லாமல் போகவில்லை. எடின்பரோ அரச தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி வைட்டைப் பற்றி 2007-ல் மூன்று நூல்களை வெளியிட்டபோது, அவற்றில் ஒன்றை ரங்கையா, கோவிந்து ஆகிய ஓவியர்களின் பெயர்தாங்கிய நூலாகவே அமைத்தார். படத்தின் ஓரத்தில் பெயர் இருந்ததால்தான் அது முடிந்தது. பழவேற்காட்டுத் துணி ஓவியர்களுக்கு அப்படி ஒரு நூலை யார் நினைத்தாலும் எழுத முடியாது. தேடத் தொடங்குவதற்கு ஒரு பெயராவது வேண்டும் அல்லவா?

நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பணமும் அரசாணையும் தேவையில்லை. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் சென்னையிலும் தாவரவியல் கற்பிப்பவர்கள், வைட்டின் படத்தை வகுப்பில் காட்டும்போது படத்தின் அடியில் உள்ள பெயரையும் சேர்த்துப் படிக்கலாம். தமிழில் செடி கொடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஐகோனிஸ் படத்தை எடுத்தாளும்போது 'நன்றி: வைட்' என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் 'ஓவியர்: ரங்கையா' அல்லது 'ஓவியர்: கோவிந்து' என்று ஒரு வரி கூட்டலாம். அந்த ஆறு தொகுதிகளும் இன்று இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கின்றன. பெயர் படத்திலேயே இருக்கிறது. பார்த்து எழுதினால் போதும்.